விளையும் பயிர் முளையிலே தெரியுமா?



இது நீண்ட பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் நான் போட்ட பதிவின் கீழே, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் மகள் இப்போது நான்காம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவுக்குக் குழுப்பாட்டு பழகிக்கொண்டிருந்த குழந்தையை மூன்றாம் நாள், "உனக்குச் சுருதி சேரல" என்று சொல்லி வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். குழந்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "என்ன செய்யலாம் டீச்சர்?" என்று கேட்டிருந்தாள்.

அதற்கு நீங்கள் சொன்ன ஆறுதல்களை எல்லாம் படித்தேன். "டிராயிங் கிளாஸில் சேர்த்து விடு" என்கிறார் ஒருவர். "குரல் வளம் எல்லாம் பிறவியிலேயே வரணும்" என்கிறார் இன்னொருவர். என் பெரியப்பா மகன், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மதிக்கும் அண்ணன், "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்புக்கு நாற்பத்தொரு பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்து எண்ணினேன். அதில் பதினேழு பேர் என்னிடம் படித்தவர்கள். அந்தப் பதினேழில் ஆறு பேர் இன்று ஆசிரியர்கள்.

அண்ணா, கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் வீட்டில் எல்லோரும் வயலில் இறங்கியவர்கள்தான். நாற்றங்காலைப் பார்த்துவிட்டு அறுவடையில் எத்தனை மூட்டை என்று சொன்னவர் யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? தண்ணீர் வர வேண்டும், களை எடுக்க வேண்டும், பூச்சி விழாமல் இருக்க வேண்டும். முளையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றால் உங்கள் அப்பா விடிய விடிய மோட்டார் போட்டு ஏன் காவல் இருந்தார்?

இந்தப் பழமொழிக்கு எதிராக நான் இன்று ஒரு சாட்சியைக் கூப்பிடப் போகிறேன். சாட்சி நம் ஊர் இல்லை, அமெரிக்கா. ஒரு ராக் இசைக்குழு. பெயர் டாக்கிங் ஹெட்ஸ். சிரிக்காதீர்கள். "டீச்சருக்கு இந்த வயசில் ராக்கா?" என்று கேட்பவர்களுக்கு: மாடி அறையில் தங்கிக் கல்லூரிக்குப் போகும் பேரன்தான் காரணம். ஒரு நாள் அவன் ஒரு கச்சேரிப் படம் போட்டுக்கொண்டிருந்தான். 1984-ல் வந்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்'. காலியான மேடையில் ஒல்லியான ஒருவர் கிடாரும் ஒரு டேப் ரெக்கார்டருமாக வந்து நின்று, பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடிக்கொண்டே கண்டக்டரைக் கூப்பிடுவது போல ஒரு குரலில் பாட ஆரம்பித்தார். "யாருடா இவன், இந்தக் குரலை எல்லாம் யார் பாட விட்டது?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. அதன் பிறகு ஆறு மாதமாக மாலை நேரத்தில் இவர்கள் கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் படித்தேன். அவர்கள் புகழ் பெற்ற பிறகான கதை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கு முந்திய கதைதான், அதாவது 1974 முதல் 1977 வரையிலான மூன்று ஆண்டுகள், ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

அந்த ஒல்லி மனிதர் டேவிட் பர்ன். 1952-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இரண்டு வயதில் குடும்பம் கனடாவுக்குப் போனது, எட்டு ஒன்பது வயதில் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்துக்கு வந்தது. பையனுக்குக் கூச்சம் அதிகம். நடுநிலைப் பள்ளியில் பாட்டுக் குழுவில் சேரப் போனபோது, சுருதி சேரவில்லை, போதாக்குறைக்கு யாருடனும் ஒட்டாமல் ஒதுங்கியே இருக்கிறான் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதைப் படித்ததும் நம் நான்காம் வகுப்புக் குழந்தை ஞாபகம் வந்ததா இல்லையா? அதே தீர்ப்பு. ஊரும் காலமும்தான் வேறு. தனக்கு ஆட்டிசத்தின் சாயல் இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பள்ளி அதை ஒரு குற்றமாக எழுதி வைத்துக் கதவைச் சாத்திவிட்டது.

பள்ளி சாத்திய கதவை வீடு திறந்தது. அப்பா மின்னணுப் பொறியாளர். ஒரு டேப் ரெக்கார்டரைப் பிரித்து மாற்றி, மகன் தானே ஒரு பாட்டின் மேல் இன்னொரு பாட்டைப் பதிவு செய்து அடுக்கிப் பார்க்கும்படி செய்து கொடுத்தார். "உனக்குக் குரல் இல்லை, டிராயிங் போ" என்று அவர் சொல்லவில்லை. பையன் வீட்டிலேயே கிடாரும் அக்கார்டியனும் வயலினும் பழகினான். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் முன்பே மூன்றும் ஓரளவு கைவந்துவிட்டன. பள்ளிக்குத் தெரிந்தது பையனின் ஒரு நாள் குரல் மட்டும்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்தவர், டினா வெய்மவுத். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் ஓவியமும் வடிவமைப்பும் கற்றுத்தரும் புகழ் பெற்ற கல்லூரி ஒன்று உண்டு. பர்ன் அங்கே ஓராண்டுதான் படித்தார். டினாவும் அவருடைய நண்பர் கிரிஸ் ஃபிரான்ட்ஸும் அங்கே ஓவிய மாணவர்கள். 1973-ல் பர்னும் ஃபிரான்ட்ஸும் 'ஆர்டிஸ்டிக்ஸ்' என்று ஒரு குழு நடத்தினார்கள். அதில் டினாவின் வேலை வண்டி ஓட்டி இவர்களைக் கச்சேரிக்குக் கொண்டுபோய் விடுவது. 1974-ல் மூவரும் நியூயார்க் போனார்கள். கீழ் மன்ஹாட்டனில் ஒரு பழைய கட்டடத்தில் மாடி எடுத்துத் தங்கினார்கள். கிடார் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது. பேஸ் கிடார் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. (பேஸ் என்பது நான்கு தடித்த கம்பிகள் கொண்ட கிடார். பாட்டின் அடித்தளம் அது. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. வெளியே தெரியாது, இல்லாவிட்டால் சுவர் நிற்காது.)

கடைசியில் ஃபிரான்ட்ஸ், "நீயே கற்றுக்கொள்ளேன்" என்று டினாவிடம் சொன்னார். சூசி குவாட்ரோ என்ற பேஸ் வாசிக்கும் பாடகியின் இசைத்தட்டுகளைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஒரு பெண் பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பது அன்று அமெரிக்காவிலேயே அபூர்வம். டினாவுக்கு இசை முற்றிலும் புதிதல்ல. சிறுமியாக இருந்தபோது கைமணிகளை முழக்கும் குழு ஒன்றில் இருந்தார், பதின்மூன்று பதினான்கு வயதில் தானாகக் கிடார் பழகினார். ஆனால் பேஸ் புதிது. கல்லூரிப் படிப்பு முடிந்து, இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில், முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.

முளையிலே தெரியும் என்பவர்களைக் கேட்கிறேன். 1974-ல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் எந்த முளை உங்களுக்குத் தெரிந்தது? அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 'சைக்கோ கில்லர்' என்று ஒரு பாட்டு. அது பேஸ் கிடாரில்தான் தொடங்குகிறது. சின்னக் குழந்தைகூடத் தாளம் போடலாம், அவ்வளவு எளிமை. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் முதலில் முணுமுணுப்பது அந்த பேஸைத்தான். அதை வாசித்தவர் பேஸ் பிடித்து மூன்று ஆண்டுகூட முழுதாக ஆகாதவர். தெரிந்ததை மட்டும், அளவாக, இடம் அறிந்து வாசித்தார்.

இப்போது மூன்றாவது சங்கதி, இடம். நீங்கள் யாரும் கேட்காத கேள்வி இது. ஒரு குழந்தை எங்கே தப்பாகப் பாடலாம்? எந்த இடத்தில் தப்பாகப் பாடினால் யாரும் கை நீட்டிச் சிரிக்க மாட்டார்கள்?

அவர்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. நியூயார்க்கில் பவரி என்று ஒரு தெரு. வீடற்றவர்களும் குடித்து விழுந்தவர்களும் கிடக்கும் தெருவாக அன்று பெயர் பெற்றது. அங்கே ஹில்லி கிரிஸ்டல் என்பவர் 1973 கடைசியில் சி.பி.ஜி.பி. என்று ஒரு மதுக்கூடம் திறந்தார். கிராமிய இசைக்காகத் திறந்தார், வந்து சேர்ந்ததோ வேறு கூட்டம். ஒரு முக்கியமான விதி வைத்தார்: இங்கே வாசிக்க வேண்டுமானால் சொந்தப் பாட்டுதான் வாசிக்க வேண்டும். மற்ற மதுக்கூடங்களில் வானொலியில் வரும் பாட்டை அப்படியே வாசித்தால்தான் காசு. இங்கே அச்சு அசலாகப் பிறரைப் போல வாசிப்பவனுக்கு இடமில்லை.

1975 ஜூனில் டாக்கிங் ஹெட்ஸ் அந்த மேடையில் முதல் கச்சேரி செய்தார்கள். ராமோன்ஸ் என்ற குழுவுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு. ராமோன்ஸ் தோல் ஜாக்கெட்டும் நீள முடியுமாக இடி இடிப்பவர்கள். இவர்கள் மூவரும் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் மாதிரி சாதாரணச் சட்டை, வெட்டிய முடி. பாடகர் கழுத்து விறைத்துப்போய் நிற்கிறார். குரல் உடைகிறது. ஆனால் மறு வாரமும் மேடை இருந்தது, அதற்கடுத்த மாதமும் இருந்தது. தப்பை மேடையிலேயே திருத்திக்கொள்ள முடிந்தது.

டேவிட் பர்ன் 2012-ல் வெளிவந்த 'ஹவ் மியூசிக் ஒர்க்ஸ்' என்ற நூலில், இப்படி ஓர் இசைச் சூழல் உருவாக என்னென்ன வேண்டும் என்று கிட்டத்தட்ட பாடத்திட்டம் போலவே பட்டியல் போடுகிறார். சொந்தப் பாட்டு பாட அனுமதி வேண்டும். வாடகை குறைவாக இருக்க வேண்டும். வாசிப்பவர்கள் மற்ற நாட்களில் இலவசமாக உள்ளே வந்து மற்றவர்களைக் கேட்க வேண்டும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒன்று சொல்கிறார், எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. வேண்டும்போது குழுவைக் கவனிக்காமல் இருக்கவும் கேட்பவர்களுக்கு வசதி இருக்க வேண்டுமாம்! மேடைக்கு எதிரே வரிசையாக நாற்காலி போட்டு, எல்லோரும் கண் இமைக்காமல் பார்த்து, மதிப்பெண் போடத் தயாராக உட்கார்ந்தால், கற்றுக்கொள்பவனுக்கு மூச்சு முட்டும். நாலு பேர் பேசிக்கொண்டிருக்க, இரண்டு பேர் கேட்க, ஒருவன் தப்பு செய்து திருத்திக்கொண்டே போகலாம்.

நாம் நம் குழந்தைகளுக்கு என்ன வைத்திருக்கிறோம்? பாட்டு வகுப்பில் சேர்த்து மூன்று மாதத்தில் தொலைக்காட்சிப் போட்டிக்கு வரிசையில் நிற்க வைக்கிறோம். ஏழு வயதுக் குழந்தை விளக்கு வெளிச்சத்தில் நின்று பாட, நடுவர் உதட்டைப் பிதுக்க, பின்னணியில் சோக இசை போட, அம்மா அழுவதைக் கேமரா கிட்டே போய்க் காட்டுகிறது. அந்த நிகழ்ச்சியை வீட்டில் உட்கார்ந்து பார்த்து, "சுருதி போச்சு" என்று நாமும் சேர்ந்து சொல்கிறோம். சுருதி என்றால் என்னவென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி உண்டே, பாடத் தெரியாத நாம் குழந்தை கோணல் என்கிறோம்.

நான்காவது சங்கதி, அவசரம். 1975-லேயே பெரிய கம்பெனி ஒன்று இவர்களை அழைத்து மாதிரிப் பதிவு எடுத்தது, ஒப்பந்தம் போடவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் சைர் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் சீமோர் ஸ்டைன் இவர்களைக் கேட்டுவிட்டு, அப்போதே ஒப்பந்தம் போடலாம் என்றார். இவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? நம் வீட்டுப் பெற்றோராக இருந்தால் மறுநாளே நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவர்களோ இன்னும் தயாராகவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். பகலில் வயிற்றுப்பாட்டுக்கு வேலை, மற்ற நேரம் ஒத்திகை, இரவில் மேடை. கிட்டத்தட்ட ஓர் ஆண்டு கழித்து 1976 நவம்பரில்தான் ஒப்பந்தம். 1977-ல் நான்காவது ஆளாக ஜெர்ரி ஹாரிசன் வந்தார். மாடர்ன் லவர்ஸ் என்ற குழுவில் வாசித்து அனுபவம் பெற்றவர். தங்களிடம் எது குறைகிறது என்று தெரிந்துகொண்டு, அது தெரிந்தவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1977 செப்டம்பரில் முதல் இசைத்தட்டு, 'டாக்கிங் ஹெட்ஸ்: 77'.

அது அமெரிக்கத் தரவரிசையில் எந்த இடத்துக்கு வந்தது தெரியுமா? 97. 'சைக்கோ கில்லர்' பாட்டு 92-வது இடம். நம் வீட்டில் பிள்ளை 97-வது ரேங்க் வாங்கி வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கம்பெனி இவர்களை வெளியே அனுப்பவில்லை. 1978-ல் இரண்டாவது இசைத்தட்டு. பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் கூட இருந்து உருவாக்கினார். அதில் ஆல் கிரீன் பாடிய பழைய பாட்டு ஒன்றை இவர்கள் தங்கள் பாணியில் நிதானமாகப் பாட, அது 26-வது இடம் வரை போனது. 1980-ல் வந்த 'ரிமெய்ன் இன் லைட்' என்ற நான்காவது இசைத்தட்டை அந்தக் காலத்தின் சிறந்த படைப்புகளில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். 2002-ல் ராக் இசையின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். முளையில் தெரியவில்லை. முதல் அறுவடையிலும் தெரியவில்லை.

இங்கே ஒரு விளக்கம். சிலர் இந்தக் கதையை வேறு மாதிரி திருப்புவீர்கள், எனக்குத் தெரியும். "பார்த்தீர்களா டீச்சர், பர்ன் கல்லூரியைப் பாதியில் விட்டவர். படிப்பே வேண்டாம், பயிற்சியே வேண்டாம், மனசில் நெருப்பு இருந்தால் போதும்" என்று ஒரு படத்தோடு காலை வணக்கம் அனுப்புவீர்கள். அதற்கும் நான் எதிரிதான். டினாவும் ஃபிரான்ட்ஸும் பட்டம் வாங்கியவர்கள். ஃபிரான்ட்ஸ் சிறு வயது முதல் டிரம்ஸ் பழகியவர். பர்ன் மாடியில் வந்து உட்கார்ந்தபோது அவர் கையில் பல ஆண்டுக் கிடார்ப் பழக்கம் இருந்தது. இவர்கள் பயிற்சி இல்லாமல் வந்தவர்கள் அல்ல, வடிகட்டி வீசப்பட்ட பிறகும் பயிற்சியை விடாதவர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதைத்தான் நான் சொல்கிறேன். அடிக்காமலே நகரும் என்று சொல்லவில்லை.

என் தங்கை மகன், பொறியாளன், எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவன், போனில் கேட்டான்: "சித்தி... இல்ல பெரியம்மா, சுருதி சேராத ஆயிரம் பிள்ளைங்க இருந்தா அதுல ஒருத்தன்தான் டேவிட் பர்ன். மிச்ச 999 பேருக்கு என்ன பதில்?" நல்ல கேள்வி. (அழைப்பு முறையை இன்னும் குழப்புகிறான், அது வேறு கதை.)

என் பதில் இது. அந்த 999 பேருக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன். டேவிட் பர்ன் எப்படியோ தப்பித்துவிட்டார். டேப் ரெக்கார்டரைப் பிரிக்கத் தெரிந்த அப்பா இருந்தார், பவரி தெரு இருந்தது, வண்டி ஓட்டி வந்த சிநேகிதி பேஸ் கற்றுக்கொண்டார். மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? பள்ளிப் பாட்டுக் குழு என்பது சினிமாப் பாட்டுப் பதிவு நிலையம் இல்லை. அங்கே சரியாகப் பாடுபவர்களை மட்டும் வைத்துக்கொள்வது, நன்றாக வாசிப்பவர்களை மட்டும் தமிழ் வகுப்பில் உட்கார வைப்பதற்குச் சமம். எழுத்து கூட்டத் தெரியாத பிள்ளையை "உனக்கு வாசிப்பு வராது, வெளியே போய் விளையாடு" என்று நாம் அனுப்புவதில்லை. பழக்கத்தால் எதுவும் வரும் என்று ஔவையார் பெயரைச் சொல்லி நானே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பாட்டு என்று வந்ததும் அந்தக் கரும்பலகை எங்கே போயிற்று?

பெரியவனாகிப் பாட்டில் பேர் வாங்காவிட்டால் என்ன? தன் குழந்தையைத் தாலாட்ட வேண்டாமா? கோயிலில், மாதா கோயிலில், திருமண வீட்டில், வயலில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து வாய் திறக்க வேண்டாமா? அதை ஒன்பது வயதில் ஒருவரிடமிருந்து பிடுங்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொரு கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, பர்ன் டினாவையே மறுபடி தேர்வு வைத்துப் பார்த்துத்தான் குழுவில் வைத்துக்கொண்டார் என்று டினா தரப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பாட்டுக் குழுவில் சேர்க்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பையன், வளர்ந்து, தனக்காக முதல் பாடத்திலிருந்து பேஸ் கற்றுக்கொண்ட தோழியையே வரிசையில் நிறுத்திச் சோதிக்கிறார். கடைசியில் அந்தக் குழு பிரிந்ததும் மனக்கசப்போடுதான். பலகாலம் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாமல் இருந்து, 2023-ல் அந்தப் படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோதுதான் நால்வரும் மறுபடி ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். ஒதுக்கப்பட்டவன் ஒதுக்கமாட்டான் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஒதுக்குவதும் ஒரு பாடம்தான், நாம் நடத்தினால் பிள்ளைகள் அதையும் கற்றுக்கொள்கிறார்கள்.

இதை நான் ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைத்தது என் கோழைத்தனம்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது ஆண்டோ ஆறாவது ஆண்டோ. காலை வழிபாட்டுப் பாட்டுக் குழு என் பொறுப்பு. பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வரப் போகிறார் என்று ஒரு வாரம் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். குழுவில் ஒரு பையன். குரல் கரகரவென்று இருக்கும், மற்றவர்களுக்கு அரை மாத்திரை முந்தியே அடுத்த வரிக்குப் போய்விடுவான். அவ்வளவு ஆசை அவனுக்குப் பாட்டில். அவனை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஒரு "நல்ல" வழி கண்டுபிடித்தேன். பக்கத்தில் கூப்பிட்டு, "கண்ணு, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வர வேண்டாம்" என்றேன். தலையாட்டினான். ஆய்வு நன்றாக முடிந்தது. அதிகாரி பாராட்டினார். நானும் மறந்துவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். காலில் விழுந்தான். காபி குடித்துக்கொண்டே பழைய கதை பேசினோம். அப்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "டீச்சர், இன்னிக்கும் கோயில் பஜனையில எல்லாரும் பாடுறப்ப நான் வாயை மட்டும்தான் அசைப்பேன். என் வீட்டம்மாவுக்குக்கூட அது தெரியாது."

அவனுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு மனிதன் கூட்டத்தில் ஊமையாக நின்றிருக்கிறான், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அவனைத் திட்டி வெளியே அனுப்பியிருந்தால் ஒருவேளை ரோஷம் வந்து வேறு எங்காவது போய்ப் பாடியிருப்பான். நான் அன்பாகச் சொன்னேன், அவன் கீழ்ப்படிந்தான்.

அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். இதைப் படிப்பான். தம்பி, நான் அன்று சொன்னது தப்பு. உன் குரலில் குறை இல்லை, அந்தப் பாட்டை உன் சுருதிக்கு ஏற்ற மாதிரி இறக்கி எடுக்க எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாததை உன் குறையாக்கிவிட்டேன்.

இப்போது அந்த ஆறு ஆசிரியர்களுக்கு. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆண்டு விழா வருகிறது. உங்கள் பாட்டு வரிசையில் சுருதி சேராத பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். எடுத்துவிடாதீர்கள். வாயசைக்கச் சொல்லாதீர்கள். பாட்டை அரைக்கட்டை இறக்கிப் பாருங்கள். நன்றாகப் பாடும் பிள்ளை இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துங்கள், காது தானாகப் பழகும். தாளக் கருவி ஏதாவது கையில் கொடுங்கள், ஆனால் குரலுக்குப் பதிலாக அல்ல, குரலோடு சேர்த்து. அப்படியும் ஒரு வரி கோணலாக வந்தால் வரட்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் ஒரு கோணல் வரியைக் கேட்டு மயங்கி விழுந்துவிட மாட்டார்.

என்னிடம் கேள்வி கேட்ட பெண்ணுக்கு: குழந்தையை டிராயிங்குக்கு அனுப்பாதே. அதாவது அவளுக்கு ஆசை இருந்தால் அனுப்பு, பாட்டுக்குப் பரிகாரமாக அனுப்பாதே. பள்ளிக்குப் போய்ச் சண்டை போடாமல் பணிவாகக் கேள். என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சரி. அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு என் வீட்டுக்கு அழைத்து வா. ஹார்மோனியம் இன்னும் இருக்கிறது, ஒரு கட்டை மட்டும் அடைத்துக்கொள்ளும். வேறு எந்தப் பிள்ளை வந்தாலும் வரட்டும். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, கைப்பேசியில் படம் எடுப்பது கிடையாது. பெற்றோர் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கலாம், கவனிக்க வேண்டிய அவசியமில்லை.

தம்பி, நீயும் வா. உன் வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு வா.

அண்ணா, உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். பழமொழியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எதிர்க்கருத்து இருப்பவர்கள் கீழே எழுதலாம். மரியாதையாக எழுதுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்